போர் என்று நான் சொன்னது

மைக்கை நான்தான் கேட்டு வாங்கினேன். யாரும் என் கையில் திணிக்கவில்லை. எங்கள் மலைக் கல்லூரிக்கு இராணுவத்திலிருந்து ஒரு குழு வந்து மாணவர் படைக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்தது. கடைசி நாள் பெரிய ஒத்திகை. துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஊர் மிரண்டுவிடக் கூடாது என்று, முன்கூட்டியே சுற்றுப்பட்ட ஊர்களுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர ஒரு ஆள் வேண்டும் என்றார் பயிற்சி அதிகாரி. அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வைத்துவிட்டேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வயசுக் கோளாறு என்று சொல்ல முடியாது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் அதே வயதுதான், அவர்கள் நின்ற இடத்திலேயேதான் நின்றார்கள்.

எனக்கு அவசரம் இருந்தது. அந்த வாரம் முடிந்ததும் எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு பெண்ணை டில்லி முகாமுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். நான் அதுவரை மலையிறங்கிப் போன அதிகபட்ச தூரம் வேலூர். அங்கேயும் பெரியாஸ்பத்திரியையும் பஸ் ஸ்டாண்டையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. காவலூரில் அவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்து எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தையெல்லாம் பார்க்கிறார்கள், நான் மட்டும் வேலூருக்கு அந்தாண்டை என்ன இருக்கிறது என்று தெரியாமல் பட்டம் வாங்கப் போகிறேன் என்று புலம்பிக்கொண்டே இருப்பேன். கயிற்றில் இறங்கச் சொன்னால் முதல் ஆள் நான். ஓடச் சொன்னால் ஒரு சுற்று கூட ஓடுவேன். அதிகாரி கீழே வேலூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, “இந்தப் பொண்ணு தேறிடும்” என்றார். அது போதும், அன்று இரவுச் சோறு எனக்கு இறங்கவில்லை.

என் கையில் அவர் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: ‘கல்லூரி வளாகத்தில் போர்ப் பயிற்சி ஒத்திகை நடைபெறவிருப்பதால் எழும் ஓசை குறித்துப் பொதுமக்கள் அச்சமடைய வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ வளாகத்துக்குள் வரக் கூடாது என்று அதில் ஒரு வரி இல்லை. வெடிக்கிற இடத்தைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் ஊரில் தாளில் இருந்ததை அப்படியே வாசித்தேன். ஜீப்பைச் சுற்றி நின்றவர்கள் நான் வேறு பாஷை பேசியது மாதிரி பார்த்தார்கள். இரண்டாவது ஊரிலிருந்து தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். எங்கள் ஜனங்களுக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று எனக்குத் தெரியாதா?

“நாளைக்குக் காத்தால எட்டு மணிக்கு நம்ம காலேஜ்ல போர் கீது! பெரிய சத்தம் வரும், பொகை கெளம்பும். யாரும் பயந்துக்காதீங்க!”

முகங்கள் மலர்ந்தன. சிலர் கை தட்டினார்கள். நான் இன்னும் குரலை உயர்த்தினேன்.

கல்லூரிக்குப் பின்பக்கச் சரிவில்தான் எங்கள் ஊர். அங்கே போகும்போது அண்ணன் ரோட்டோரச் சாமை வயலில் களை பறித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்து, “இன்னாது?” என்று கத்தினான்.

“போர்ணா, போர்! நம்ம காலேஜ்ல!”

தோளில் கிடந்த துண்டை ஆகாசத்தில் எறிந்து பிடித்தான். என் குரலுக்குத்தான் துண்டு பறக்கிறது என்று நினைத்து, ஜீப் வளைவு திரும்பும் வரைக்கும் நானும் கையாட்டிக்கொண்டே போனேன்.

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். “பேரு போடாத, மத்தத எழுதிக்க” என்று சொல்லிவிட்டான்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மேஸ்திரி வந்து, ஆந்திராவில் எஸ்டேட் வேலை என்று எங்கள் ஊர்ப் பையன்கள் சிலரை வேனில் ஏற்றிக்கொண்டு போனான். அங்கே போன பிறகுதான் அது மரம் வெட்டுகிற வேலை, அதுவும் வெட்டக் கூடாத மரம் என்று தெரிந்திருக்கிறது. மேஸ்திரி தப்பிவிட்டான். அண்ணன் மாட்டினான். சில மாதம் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தான். இரண்டு வாய்தாவுக்குப் போனான். மூன்றாவதுக்குப் போன கூட்டாளி ஒருத்தனை வேறொரு கேஸிலும் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் போவதை நிறுத்திவிட்டான். அவன் பெயரில் பிடிவாரண்ட் வந்தது. அதற்குப் பிறகு அவன் மலையை விட்டு இறங்கவே இல்லை. பஸ் ஏற மாட்டான். சந்தைக்குக்கூட வர மாட்டான். காக்கிச் சட்டை போட்டவர் தபால்காரராக இருந்தாலும் காட்டுக்குள் போய்விடுவான். ஊருக்கே தெரியும். வெளியே மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. சோறு ஆறினால் அவன் காட்டில் இருக்கிறான் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

ஒத்திகை நாள் வந்தது. எனக்குத் தீவிரவாதி வேஷம். நானே கேட்டு வாங்கியதுதான் அதுவும். மாடியில் இருந்த பொருளாதார வகுப்பறைதான் தீவிரவாதியின் மறைவிடம். என்னோடு பணயக் கைதியாக என் சிநேகிதி. அமிர்திப் பக்கத்துக்காரி, வாய் ஓயாதவள். அவள் கையை நாற்காலியோடு கட்டி வாயை ஒரு துப்பட்டாவால் சுற்றியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை மறைப்புத் திட்டின் மேல் மூன்று தீபாவளி அணுகுண்டு வெடிகள், திரியை ஒன்றாக முறுக்கி. பற்ற வைக்க என் கையில் ஓர் ஊதுவத்தி. விசில் இரண்டு முறை கேட்டதும் நான் திரியைப் பற்ற வைக்க வேண்டும். அந்தச் சத்தம்தான் எல்லாருக்கும் அடையாளம். மைதானத்துப் புதர்களில் ஒளிந்திருப்பவர்கள் வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டுக்கொண்டு நாலு பக்கமிருந்தும் கட்டடத்தை நோக்கி ஓடி வருவார்கள், கதவை உடைப்பார்கள், கைதியை மீட்பார்கள்.

அதிகாரி கதவருகே நின்று சொன்னார்: “விசில் வர்ற வரைக்கும் இந்த ரூம்ல இருந்து மூச்சுகூட வெளிய வரக் கூடாது. எவனாவது ஒருத்தன் தப்பான நேரத்துல ஓடினா அடிபடும். நான் பாக்கறது தைரியத்த இல்ல, யாரு சொன்னத சொன்ன நேரத்துல செய்யறாங்கன்றதத்தான். புரியுதா?”

“எஸ் சார்!”

கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். போன்களை முதல் நாளே வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

கட்டு தளர்ந்து துப்பட்டா மோவாய்க்கு வந்ததும் சிநேகிதி ஆரம்பித்தாள். “ஏய், கொஞ்சம் லூஸ் பண்ணுடி. கை மரத்துப் போச்சு.”

“கைதி பேசக் கூடாது.”

“தீவிரவாதி மட்டும் ஊதுவத்தி புடிச்சிகினு நிக்கலாமா? பூசாரி மாதிரி கீற. மணி ஒண்ணுதான் கொறச்சல்.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே கொடிக்கம்பம், மைதானம், அதற்கப்பால் பின்பக்கச் சுவர். சுவரில் ஓரிடம் மழைக்குச் சரிந்து கிடந்தது. எங்கள் ஊர் மாடுகள் அந்த வழியாகத்தான் வரும். அன்றைக்கு அந்த வழியாக ஊரே வந்தது.

முன்னால் என் சித்தி, இடுப்பில் மஞ்சள் பூசிய குடத்தோடு. பின்னால் பெண்கள், தாம்பாளத்தில் தேங்காய், கற்பூரம், வெற்றிலை. காலி டிரம் தூக்கிய ஆண்கள். மொத்தம் முப்பது பேர் இருக்கும். யாரும் ஒளிந்து வரவில்லை. விசேஷத்துக்கு வருகிற நடை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் மைதானத்துக்கு நடுவில் வந்ததும் புதருக்குள்ளிருந்து தலையில் இலை செருகிய இரண்டு வீரர்கள் எழுந்து நின்று, “நில்லுங்க!” என்றார்கள்.

“ஐயையோ, செடி எழுந்து நடக்குதுடி!” என்றாள் சித்தி.

அதிகாரி ஓடி வந்தார். “யாரும்மா நீங்க? எதுக்கு உள்ள வந்தீங்க?”

“போர் லாரி எங்க சார் நிக்குது?”

“இன்னா லாரி?”

“நேத்து மலையேறிச்சே சார், தார்பாய் போத்தின லாரி. போர் போடறீங்கன்னு மைக்ல சொன்னாங்களே. எங்க வூட்டுப் பொண்ணுதான் சொல்லிச்சு. சத்தம் வரும், பொகை வரும், பயப்படாதீங்கன்னிச்சு. அதான் மொத தண்ணிக்குத் தேங்கா ஒடைக்கலாம்னு வந்தோம்.”

மாடியில் என் காது சுட்டது.

எங்கள் மலையில் சண்டையைச் சண்டை என்றுதான் சொல்வோம். போர் என்பது பாடப் புத்தகத்தில் ராஜாக்கள் செய்வது. ஊர் வாயில் போர் என்றால் ஒன்றே ஒன்றுதான். லாரி வந்து, பாறையைத் துளைத்து, மண் புகையாகக் கிளம்பி, கடைசியில் தண்ணீர் பீச்சியடிப்பது. கல்லூரி மைதானத்து ஓரத்தில் ஒரு போர் போட்டுக் கொடுங்கள் என்று எங்கள் ஊர் மூன்று கோடையாக மனு எழுதிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் மழையும் ஏமாற்றியிருந்தது. மனு எழுதிக் கொடுத்தவள் நான். அந்தத் தாளில் ‘ஆழ்துளைக் கிணறு’ என்று எழுதியவளும் நான்.

கீழே அதிகாரி, “இது அந்தப் போர் இல்லம்மா. போர்னா சண்டை” என்றார்.

“சண்டையா? யார் கூட?”

“யார் கூடவும் இல்ல.”

“அப்பறம் இன்னாத்துக்குச் சண்டை?”

கூட்டம் சிரித்தது. இலை செருகிய வீரர்களும் சிரித்தார்கள். வயசான ஒருத்தர், “சரி சார், சீக்கிரமா சண்டைய முடிச்சிட்டு தண்ணிய பாருங்க” என்றார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில்தான் கூட்டத்தின் கடைசியில் நீல டிரம்மைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தேன்.

அண்ணன்.

எந்தக் காக்கியைப் பார்த்தாலும் காட்டுக்குள் போகிறவன், தங்கச்சி மைக்கில் சொன்னாள் என்று நேராக நடந்து வந்திருக்கிறான். போர் லாரியோடு போலீஸ் வராது அல்லவா?

அதற்குள் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுத்துவிட்டார். ஆட்கள் எல்லாம் புதரில் படுத்திருக்கிறார்கள், கூட்டத்தைத் திருப்பி அதே வழியில் அனுப்பினால் நடுவில் யாராவது மாட்டுவார்கள். கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். “எல்லாரும் இதுக்குள்ள உக்காருங்க. அரை மணி நேரம். முடிஞ்சதும் நானே அனுப்பி வெக்கறேன். அது வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாது.” சரிந்த சுவருக்குப் பக்கத்தில் எங்கள் படை மாணவர்கள் இரண்டு பேரை நிறுத்தினார். அவர் செய்தது சரி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். “பப்ளிக் உள்ள வந்துட்டாங்க சார். நாளைக்கு எதுனா ஆச்சின்னா நான்தான் பதில் சொல்லணும். பேரு எழுதிக்கறேன்” என்று நோட்டை எடுத்தார். பெயர், அப்பா பெயர், ஊர். எழுதி முடித்ததும் போனை நீட்டி ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு போட்டோ எடுத்தார்.

பெயரை மாற்றிச் சொல்லலாம். முகத்தை என்ன செய்வது?

அண்ணன் டிரம்மைக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். முணுமுணுத்தபடி எண்ணினேன். அவன் சுவரைப் பார்த்தான், பிறகு கேட்டைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். எழுந்து ஓடினால் எதற்கு ஓடுகிறான் என்று ஏட்டு கேட்பார். உட்கார்ந்திருந்தால் முறை வரும். அப்படி அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முழங்கால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஊர்க்காரர்கள் யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. முப்பது பேரும் சொல்லி வைத்த மாதிரி வேறு பக்கம் பார்த்தார்கள். சித்தி முறை வந்தபோது அவள் எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“பேரு சொல்லும்மா.”

“எந்தப் பேரு சார்? பொறந்த வூட்டுல ஒரு பேரு, பூந்த வூட்டுல ஒரு பேரு. ரேஷன் கார்டுல தப்பா ஒரு பேரு கீது.”

“கார்டுல இருக்கறத சொல்லு.”

“அது என் பேரே இல்லியே சார். அத எழுதினா அப்பறம் வேற எவளயாவது வந்து புடிப்பீங்க.”

சித்தி வேண்டுமென்றே இழுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஏட்டு சிரித்துக்கொண்டே ஏதோ ஒன்றை எழுதி, போட்டோ எடுத்து, அடுத்த ஆளுக்குப் போனார். பத்து. ஒன்பது.

நான் கதவை இழுத்துப் பார்த்தேன். வெளித் தாழ்ப்பாள். கத்தலாமா? என்னவென்று கத்துவது? அண்ணா ஓடு என்றா? அந்த அறையில் நான் நின்ற இடத்திலேயே இரண்டு முறை சுற்றினேன். எட்டு. கண் எரிந்தது, ஊதுவத்திப் புகை என்று நினைத்தேன்.

“ஏய்” என்றாள் சிநேகிதி. “நாந்தான்டி பணயம். நீ ஏன் அழுவுற?”

ஏழு. ஏட்டு ஒரு பாட்டாவிடம் மாட்டிக்கொண்டார், காது கேட்காதவர். பிறகு இரண்டு பேர் மளமளவென்று சொல்லிவிட்டார்கள். நாலு. அதிகாரி இன்னும் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். விசில் அவர் கழுத்தில் தொங்கியது. மூன்று. அண்ணன் நிமிர்ந்து மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். என்னைத் தேடினானா, சும்மா பார்த்தானா, தெரியாது. அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை ஜன்னல் கம்பிக்கு வெளியே போனது.

“விசில் வரலடி! ஏய், விசில் வரல!”

மூன்று அணுகுண்டும் ஒன்றாக வெடித்தன. எங்கள் மலையில் ஒரு சத்தம் போட்டால் அது எதிர்ச் சரிவில் பட்டு மறுபடி வரும். அது வந்து சேர்வதற்குள் புதர்கள் எழுந்துவிட்டன. ஏழு நாள் பழகிய உடம்புகள், சத்தம் கேட்டால் ஓட வேண்டும், ஓடினார்கள். நாலு பக்கமும் துப்பாக்கி. புகை. கயிறு அறுந்தது. தாம்பாளங்கள் உருண்டன. ஏட்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். சுவர் பக்கம் நின்ற இரண்டு பேரும் தங்கள் இடத்தை விட்டுவிட்டுத் திட்டப்படி கட்டடத்தை நோக்கி ஓடி வந்தார்கள். அவர்களைத் தாண்டி எதிர்த் திசையில் ஒரே ஒரு ஆள் ஓடினான். சரிந்த கற்களின் மேல் ஒரு கால் வைத்தது தெரிந்தது. பிறகு காணவில்லை.

கதவு உடைந்தது. “கையத் தூக்கு!” என்றார்கள். தூக்கினேன். ஊதுவத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

கூட்டம் கலைந்தபோது கொடிக்கம்ப மேடையருகே சித்தி உட்கார்ந்திருந்தாள். குடம் நசுங்கிக் கிடந்தது. இடது மணிக்கட்டு வீங்கி, கை வேறு யாருடையதோ மாதிரி தொங்கியது.

சாயங்காலம் அதிகாரி என்னை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்.

“விசில் கேட்டுச்சா?”

“இல்லீங்க சார்.”

“அப்பறம் எதுக்கும்மா பத்த வெச்ச?”

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் அண்ணனைப் பிடித்துக் கொடுக்கும். ஏட்டு வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பயந்துட்டேன் சார்.”

அவர் நம்பவில்லை. “நீயா? கயித்துல எறங்கிட்டு, இன்னொரு தபா எறங்கட்டுமா சார்னு கேட்டவ நீ. எதப் பாத்து பயந்த?”

“கூட்டத்தப் பாத்து சார்.”

“உங்க ஊர்க் கூட்டம்தானே?”

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் உண்மையைச் சொல்ல வழி விட்டுக் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். ‘பயத்தின் காரணமாக, உத்தரவு வருவதற்கு முன்பே வெடியைப் பற்ற வைத்துவிட்டேன். அதனால் பொதுமக்களில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. இதற்கு நானே பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். “பயந்த பொண்ண நான் எப்பிடிம்மா அனுப்பறது?” என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதற்கப்புறம் மலையில் ஒரு மாதம் இதே பேச்சு. தண்ணி தர்றேன்னு கூப்பிட்டு சுட்டாங்க என்று ஒரு ஊர் மனு கொடுத்தது. காலி தோட்டா பொறுக்கி வைத்திருந்த பொடிசுகள் அதை விசிலாக ஊதினார்கள். செடி எழுந்து நடந்ததை நடித்துக் காட்டாத வீடில்லை. அந்த வயசானவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அடுத்த சண்டை எப்ப வெச்சிருக்கீங்க?” என்பார். இன்னொரு வீட்டில், அந்தக் காலேஜுக்கு எங்கள் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று சேர்ந்த பெண்ணையே நிறுத்திவிட்டார்கள். அது கேலியில் சேராது.

கையில் கட்டோடு சித்தி தினமும் வருவாள். “பயந்தா காத மூடிக்க வேண்டியதுதானே? பத்த வெக்கறதுக்கு இன்னாடி அவசரம்? அந்த ஏட்டு எங்க போயிடுவான்? உங்க அண்ணன் மொறை வந்தா மயக்கம் போட்டு விழலாம்னு கீறேன், அதுக்குள்ள இவ டமார்னு வுட்டா.” அது நிஜமாகவே நடந்திருக்குமா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. சித்திக்குத் தெரிந்தால் மலைக்கே தெரியும், மலைக்குத் தெரிந்தால் ஏட்டுக்கும் தெரியும். கட்டுப் பிரித்த பிறகும் அவளால் அந்தக் கையில் குடம் தூக்க முடியவில்லை. நான் தூக்கிக் கொடுப்பேன்.

அண்ணன் மூன்று நாள் கழித்து வந்தான். “ஓடினேன் பாத்தியா? உங்க சோல்ஜர் ஒருத்தன்கூடத் தொட முடியல” என்று சிரித்தான். “ஆமா, நீ எதுக்கு அவ்ளோ சீக்கிரம் வெடிச்ச?”

“பயந்துட்டேன்ணா.”

“நல்ல வேளை பயந்த” என்றான். அதோடு விட்டுவிட்டான்.

டில்லிக்கு என் சிநேகிதி போனாள். திரும்பி வந்து, புளி உலுக்குகிற காலத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். போட்டோக்களைக் காட்டினாள், குளிரைப் பற்றிச் சொன்னாள், இந்தியில் திட்டக் கற்றுக்கொண்டதைச் செய்து காட்டினாள். நான் எல்லாப் போட்டோவையும் பார்த்தேன். அண்ணன் முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தான்.

“நம்ம சாரும் டில்லிக்கு வந்திருந்தார்டி. கடைசி நாள்கூட உன்னப் பத்திக் கேட்டார். அந்தப் பொண்ணு நெசமா எதப் பாத்து பயந்துச்சுன்னு. எனக்கு இன்னா தெரியும்? கயித்துக்குள்ள யாரையோ பாத்துகினே அழுதா சார், எண்ணிகினே இருந்தா சார்னு சொன்னேன்.”

புளி தட்டுகிற சத்தம் நின்றது. அண்ணன் தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

நாலு நாள் அவன் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள், “ஒரு வக்கீல்கிட்ட போன்ல பேசினேன். திங்கக்கெழம போயி ஆஜராவறேன்” என்றான்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தலைக்கு மேல் ஏறியது கோபம்.

“போவாத.”

“இன்னாடி சொல்ற?”

“போறதுன்னா அன்னிக்கே போயிருக்கணும். அந்த ஏட்டு போட்டோ எடுத்திருப்பான், கூட்டிகினு போயிருப்பான், அவ்ளோதானே? இப்ப நீயே போறன்னா நான் எழுதிக் குடுத்தது இன்னாத்துக்கு? சித்தி கை ஒடஞ்சது இன்னாத்துக்கு?”

“அதுக்குத்தான் போறேன்.”

“யார் கேட்டா உன்ன?”

அவன் விரலில் ஒட்டியிருந்த புளியைத் தரையில் தேய்த்தான். “அந்த சார்கிட்ட இப்ப போயி சொன்னா, அடுத்த தபா உன்ன அனுப்புவாங்களா?”

“மூணாவது வருஷம் வந்துட்டா அனுப்ப மாட்டாங்க.”

“நான் போவாம இங்கியே இருந்தா அனுப்புவாங்களா?”

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனான். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக மலையிறங்குகிறான் என்று ஊரே பஸ் நிறுத்தத்தில் நின்றது. சித்தி நல்ல கையால் அவன் நெற்றியில் திருநீறு பூசினாள் என்று சொன்னார்கள். நான் போகவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, அவன் பாதியில் விட்டுப்போன புளியைத் தட்டிக்கொண்டிருந்தேன். பஸ் கீழ் வளைவில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம்.